மருத்துவர் பதில்கள்: புராஸ்டேட் கதிர்வீச்சும் சிகிச்சை மேசையில் படுக்கும் முறையும்

புராஸ்டேட் புற்றுநோய்க்கான கதிர்வீச்சு சிகிச்சை பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பாதிக்கும் மேற்பட்டவை ஒரே விஷயத்தைச் சுற்றியே அமைந்திருந்தன. சிகிச்சை மேசையில் எப்படிப் படுப்பது, ஏன் அப்படிப் படுக்க வைக்கிறார்கள், அதற்கு முன் தண்ணீர் குடி, மலம் கழித்துவிட்டு வா என்றெல்லாம் ஏன் சொல்கிறார்கள் என்று கேட்டிருந்தார்கள். சிகிச்சையின் பலனையும் பக்கவிளைவையும் நேரடியாகத் தீர்மானிக்கும் விஷயம் இது என்பதால் இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 68; ஓய்வு பெற்ற ஆசிரியர். எனக்கு 20 நாள் கதிர்வீச்சு சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது. முதல் நாள் சி.டி. ஸ்கேன் எடுத்து, இடுப்பில் மூன்று இடங்களில் சிறு புள்ளி குத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பத்து நாள் கழித்துச் சிகிச்சை தொடங்கியது. 'கரண்ட்' வைப்பது இரண்டு நிமிடம்தான். ஆனால் என்னைப் படுக்க வைத்து, விரிப்போடு சேர்த்து இப்படியும் அப்படியும் இழுத்து, படம் எடுத்துப் பார்ப்பதற்குப் பத்து நிமிடம் ஆகிறது. தினமும் இவ்வளவு சரிசெய்ய வேண்டியிருக்கிறது என்றால் ஏதோ கோளாறு இருக்கிறதோ என்று மனம் குழம்புகிறது. — வாசகர், ராஜபாளையம்

பதில்: ஐயா, நீங்கள் விவரித்திருப்பதைப் பார்த்தால் சிகிச்சை நடக்க வேண்டிய முறையில்தான் நடக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே நீங்கள் கருத வேண்டும்.

புராஸ்டேட் பெரிய நெல்லிக்காய் அளவுள்ள சுரப்பி. வயதானவர்களுக்கு எலுமிச்சை அளவுக்கும் அதற்கு மேலும் பெருத்திருக்கலாம். அதற்கு மேலே சிறுநீர்ப்பை இருக்கிறது. பின்புறம் ஒட்டினாற்போல மலக்குடல் இருக்கிறது. சுரப்பிக்கு முழு அளவு கதிர்வீச்சு சேர வேண்டும், மலக்குடலின் முன்சுவருக்கும் சிறுநீர்ப்பைக்கும் கூடியவரை குறைவாகச் சேர வேண்டும் என்பதே திட்டம். இவற்றுக்கிடையே உள்ள இடைவெளியோ சில மில்லிமீட்டர்தான். எனவே ஸ்கேன் எடுத்த நாளில் உங்கள் உடல் எந்த நிலையில் இருந்ததோ, அதே நிலையை இருபது நாளும் மறுபடி மறுபடி உருவாக்க வேண்டியிருக்கிறது.

இது மூன்று படிகளில் நடக்கிறது. முதற்படி தோல். உங்கள் இடுப்பின் இரு பக்கங்களிலும் முன்புறத்திலும் குத்தப்பட்ட புள்ளிகள், அறையின் இரு சுவர்களிலிருந்தும் கூரையிலிருந்தும் வரும் லேசர் கோடுகளோடு பொருந்தும்படி உங்களைக் கிடத்துகிறார்கள். அந்தக் கோடுகள் சந்திக்கும் இடமே, இயந்திரம் உங்களைச் சுற்றிவரும்போது அதன் மையப்புள்ளி. ஆனால் தோல் எலும்பின் மேல் வழுக்கக்கூடியது. தொந்தி உள்ளவர்களுக்கும், சிகிச்சையின்போது எடை குறைபவர்களுக்கும் அது இன்னும் அதிகமாக நகரும். ஆகவே இரண்டாம் படியாக எக்ஸ்ரே படம் எடுத்து இடுப்பெலும்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அதுவும் போதாது. புராஸ்டேட் எலும்போடு ஒட்டிய உறுப்பன்று. பின்னால் உள்ள மலக்குடல் நிரம்பும்போது முன்னும் மேலுமாகவும், காலியாகும்போது பின்னும் கீழுமாகவும் நகரும். ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் இடையே சில மில்லிமீட்டர் வித்தியாசம் இருப்பது வழக்கம். சிலருக்கு ஒரு சென்டிமீட்டரையும் தாண்டுவதுண்டு. அதனால்தான் மூன்றாவதாக, இயந்திரமே உங்களைச் சுற்றி வந்து எடுக்கும் கோன் பீம் சி.டி. படத்தில் சுரப்பி இருக்கும் இடத்தைப் பார்த்து, மேசையை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்திய பிறகு கதிரைச் செலுத்துகிறார்கள். தோல் காட்டிய இடத்தை எலும்பும், எலும்பு காட்டிய இடத்தைச் சுரப்பியும் திருத்துகின்றன.

முழங்காலுக்கு அடியில் வைக்கும் முட்டும், பாதங்களைப் பிடித்துக்கொள்ளும் தாங்கியும் இதற்காகவே வைக்கப்படுகின்றன. முழங்கால் சற்று மடங்கியிருந்தால் இடுப்பு முதுகு தளர்ந்து, இடுப்பெலும்பின் சாய்வு தினமும் ஒரே மாதிரி அமையும். பாதம் வெளிப்புறமாகச் சாய்ந்தால் தொடையும் கூடவே திரும்பும். அதோடு பக்கவாட்டுப் புள்ளிகளும் நகரும். நான் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நல்லெண்ணத்தோடு உதவ முற்படும் நோயாளிதான் இந்த வேலையைச் சிரமமாக்குகிறார். 'கொஞ்சம் வலப்பக்கம்' என்று தொழில்நுட்பர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கேட்டு அவரே இடுப்பைத் தூக்கி நகர்கிறார், தசை இறுகிவிடுகிறது. உடலைத் தளர்த்தி, மாவு மூட்டையைப் போல் கிடந்து, அவர்கள் இழுக்கும் திசையில் போவதே நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி. மூச்சை அடக்க வேண்டியதில்லை, வழக்கம்போல் சுவாசியுங்கள்.

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 71. சிகிச்சையின் ஆறாம் நாள், மேசையில் படுக்க வைத்துப் படம் எடுத்த பிறகு, 'குடலில் காற்று இருக்கிறது, எழுந்து போய்க் கொஞ்சம் நடந்துவிட்டு, கழிவறைக்குப் போய்விட்டு வாருங்கள்' என்று இறக்கி அனுப்பிவிட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் சிகிச்சை நடந்தது. அத்தனை பேர் முன்னிலையில் அப்படிச் சொன்னது அப்பாவுக்கு மிகவும் வருத்தம். அன்றைக்கு அப்படியே சிகிச்சை கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வாயு வராமல் இருக்க என்ன சமைக்க வேண்டும்? — மகள், கோயம்புத்தூர்

பதில்: அம்மா, பலர் முன்னிலையில் சொன்னது தவறு. அதைத் தனியே அழைத்துச் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் அப்பாவின் வருத்தம் நியாயமானது. ஆனால் இறக்கி அனுப்பிய முடிவு சரியானது. அந்த ஊழியர்கள் பொறுப்போடு படத்தைப் பார்க்கிறார்கள் என்பதற்கு அதுவே சான்று.

மலக்குடலில் காற்று நிரம்பியிருந்தால் புராஸ்டேட் முன்னால் தள்ளப்படும். மேசையை நகர்த்தி அதை ஓரளவு ஈடுசெய்யலாம் என்றாலும், இரண்டு சிக்கல்கள் மிஞ்சுகின்றன. உப்பிய மலக்குடலின் முன்சுவர் கூடுதல் கதிர்வீச்சுக்குள் வந்துவிடுகிறது. பின்னாளில் மலத்தோடு இரத்தம் கசியும் தொல்லைக்கு அந்த முன்சுவர் வாங்கும் அளவு ஒரு முக்கியக் காரணம். இரண்டாவதாக, காற்று ஓரிடத்தில் நிற்பதில்லை. படம் எடுத்ததற்கும் கதிர் செலுத்துவதற்கும் இடைப்பட்ட சில நிமிடங்களிலேயே அது நகர்ந்துபோக, சுரப்பியும் கூடவே இடம் மாறிவிடும்.

இதன் முக்கியத்துவத்தை உலகம் முழுவதும் உள்ள துறையினருக்கு உறைக்கச் செய்த ஆய்வு ஒன்று, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்திலிருந்து 2005-இல் வெளிவந்தது. அங்கு 78 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவு கதிர்வீச்சு பெற்ற 127 பேரின் பதிவுகளை ஆராய்ந்தபோது, திட்டமிடும் ஸ்கேன் எடுத்த நாளில் மலக்குடல் உப்பியிருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் பி.எஸ்.ஏ. (நோய் திரும்புவதைக் காட்டும் இரத்தப் பரிசோதனை அளவு) மீண்டும் ஏறுவது அதிகமாக இருந்தது தெரியவந்தது. காரணத்தை நீங்களே ஊகித்துவிடலாம். ஸ்கேன் நாளில் குடல் நிரம்பிச் சுரப்பி முன்னால் தள்ளப்பட்டிருந்தது. திட்டம் அந்த இடத்துக்கே போடப்பட்டது. பிந்தைய நாட்களில் குடல் காலியாக இருந்தபோது சுரப்பி பின்னால் சாய்ந்துவிட்டது. தினமும் சுரப்பியைப் படமெடுத்துப் பார்க்கும் வழக்கம் அந்த நோயாளிகளின் சிகிச்சையில் இல்லாததால், கதிரின் ஒரு பங்கு தவறிப்போனதை யாரும் கவனித்திருக்க வாய்ப்பில்லை. மேசையில் படுத்த நோயாளி ஓர் இம்மிகூட அசையாமல் இருந்தும் உள்ளே உறுப்பு அசைந்துவிட்டது. எனவே ஸ்கேன் எடுக்கும் முதல் நாளன்று குடல் காலியாக இருப்பது, மற்ற எந்த நாளையும்விட முக்கியம். இன்று தினசரிப் படம் எடுப்பதால் அந்த ஆபத்து வெகுவாகக் குறைந்திருக்கிறது. உங்கள் அப்பாவை இறக்கி அனுப்ப முடிந்ததும் அதனால்தான்.

சமையலைப் பொறுத்தவரை, மொச்சை, கொண்டைக்கடலை, பட்டாணி, முட்டைக்கோஸ், வாழைக்காய், உருளைக்கிழங்கு, சோடா கலந்த பானங்கள் ஆகியவற்றைக் குறைக்கச் சொல்வது வழக்கம். நானும் சொல்வதுண்டு. ஆனாலும் ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் அஞ்சி அஞ்சிச் சமைக்க வேண்டியதில்லை. வாயுவைக் குறைக்கும் உணவுமுறையையும் மெக்னீசியம் ஆக்சைடு மருந்தையும் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் தனித்தனியே ஆராய்ந்து பார்த்தபோது, சிகிச்சை நேரத்தில் புராஸ்டேட் அசைவதை அவை குறைக்கவில்லை என்றே தெரியவந்தது. நான் அதிகம் நம்புவது எளிய பழக்கத்தை: தினமும் ஒரே நேரத்தில் உண்பது, வேகமாக விழுங்காமல் மென்று உண்பது, மாலையில் சிறிது நடப்பது, சிகிச்சைக்கு முன் அவசரமில்லாமல் மலம் கழிக்க நேரம் ஒதுக்குவது. காலையில் மலம் கழிக்கும் பழக்கமுள்ளவர் பிற்பகல் நேரத்தைவிடக் காலை நேரத்தைக் கேட்டுப் பெறுவது நல்லது. பல மையங்களில் நேரத்தை மாற்றித் தருவார்கள். மலச்சிக்கல் இருந்தால் மருத்துவர் மென்மையான மலமிளக்கி தருவார். நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுத்து வயிற்றுப்போக்கை வரவழைத்துவிடாதீர்கள்; கதிர்வீச்சாலேயே சிலருக்கு மலம் இளகும் என்பதால் அது இரட்டைத் தொல்லையாகிவிடும்.

கேள்வி: எங்கள் ஊர் மருத்துவமனையில், கணவருக்குச் சிகிச்சை தொடங்கும் முன் புராஸ்டேட்டுக்குள் மூன்று தங்க விதைகளை வைக்க வேண்டும் என்கிறார்கள். வேறொரு மருத்துவமனையில் அது தேவையில்லை, படமே போதும் என்கிறார்கள். எதை நம்புவது? — வாசகி, நாகர்கோவில்

பதில்: இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். சாதாரண எக்ஸ்ரே படத்தில் புராஸ்டேட் தெரியாது. கோன் பீம் சி.டி.யில் தெரிந்தாலும் அதன் விளிம்பு மங்கலாகவே இருக்கும். அரிசி மணியைவிடச் சிறிய தங்கத் துண்டுகள் உள்ளே இருந்தால், அவை எந்தப் படத்திலும் பளிச்சென்று தெரியும். மூன்று புள்ளிகள் கிடைப்பதால் சுரப்பி நகர்ந்திருக்கிறதா என்பதோடு திரும்பியிருக்கிறதா என்பதையும் அறியலாம். அல்ட்ராசவுண்ட் துணையோடு ஊசி வழியாக வைப்பார்கள். வீக்கம் வடிய ஏறத்தாழ ஒரு வாரம் விட்டுத்தான் திட்டமிடும் ஸ்கேன் எடுப்பார்கள். இரத்தம் உறையாமலிருக்க உங்கள் கணவர் ஏதேனும் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதை முன்பே தெரிவியுங்கள்.

விதைகள் சுரப்பி இருக்கும் இடத்தை மட்டுமே சொல்லும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். மலக்குடல் உப்பியிருக்கிறதா, சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா என்பதை கோன் பீம் சி.டி.தான் காட்டும். இடுப்பிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்கும் சேர்த்துச் சிகிச்சை தருவதாக இருந்தால், அந்தக் கணுக்கள் எலும்பை ஒட்டியவை என்பதால் விதையை மட்டும் பார்த்து மேசையை நகர்த்த முடியாது. நீண்ட நாள் சிகிச்சையில், தினமும் கோன் பீம் சி.டி. எடுத்து அதை அனுபவமுள்ளவர்கள் பார்க்கும் மையம் விதை இல்லாமலேயே நன்றாகச் செய்ய முடியும். ஐந்தே நாளில் முடிக்கும் சிகிச்சையாக இருந்தால், காந்தப்புலப் படம் எடுக்கும் எம்.ஆர். லினாக் என்ற கதிர்வீச்சு இயந்திரம் போன்ற வசதி இல்லாத இடத்தில், விதை வைத்துக்கொள்வதையே நான் விரும்புவேன்.

கேள்வி: என் மைத்துனருக்கு 1990-களில் குப்புறப் படுக்க வைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள். எனக்கு மல்லாந்து படுக்கச் சொல்கிறார்கள். எது சரி? — வாசகர், ஸ்கார்பரோ, கனடா

பதில்: குப்புறப் படுத்தால் மலக்குடல் சுரப்பியிலிருந்து விலகும் என்று ஒரு காலத்தில் பல மையங்களில் எதிர்பார்த்தார்கள். அந்தக் கேள்விக்கு விடை தந்த முக்கியமான ஆய்வு உங்கள் நகரிலேயே, டொரொண்டோவின் பிரின்சஸ் மார்கரெட் மருத்துவமனையில் நடந்து 2004-இல் வெளியானது. குப்புறப் படுக்கும்போது மூச்சின் அசைவு வயிறு வழியாகச் சுரப்பிக்குக் கடத்தப்பட்டு அது கூடுதலாக அசைவதும், மல்லாந்து படுப்பதே நோயாளிகளுக்கு வசதியாக இருப்பதும் அதில் தெரியவந்தன. இப்போது பெரும்பாலும் எல்லா இடங்களிலும் மல்லாந்த நிலையே வழக்கம்.

கேள்வி: சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பது எனக்கு ஐம்பது ஆண்டுப் பழக்கம். அதை நிறுத்தச் சொல்கிறார்கள். அரைஞாண் கயிற்றையும் கழற்றச் சொல்கிறார்கள். அவசியமா? மேலும், எனக்கு மூட்டுவலி. கால் நீட்டிப் படுத்தால் வலிக்கிறது. — வாசகர், கும்பகோணம்

பதில்: உங்களுக்கு மையால் வரைந்த கோடுகள் மட்டும் இருந்தால், எண்ணெயும் சீயக்காயும் ஒரே குளியலில் அவற்றை அழித்துவிடும், வீட்டில் நீங்களாகப் பேனாவால் மீண்டும் வரைவது ஆபத்து. ஊசியால் குத்திய புள்ளிகள் அழியாது. ஆனாலும் கதிர் படும் இடத்தில் எண்ணெயைத் தேய்த்து அழுத்தாமல், தலைக்கு மட்டும் எண்ணெய் வைத்து, இடுப்புப் பகுதியை வெறும் தண்ணீரால் கழுவிக்கொள்ளுங்கள். அரைஞாண் கயிற்றில் வெள்ளித் துண்டோ தாயத்தோ கோத்திருந்தால், அது ஸ்கேன் படத்தில் கீற்றுக் கீற்றாக நிழல் விழச் செய்யும்; இறுக்கமான கயிறு தோலை இழுத்துப் புள்ளிகளை நகர்த்தவும் கூடும். ஒருவேளை இடுப்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் அச்சு வார்த்திருந்தால் கயிறு அதற்குள் சிக்கும். அந்தச் சில வாரங்களுக்குக் கழற்றிப் பூஜையறையில் வைத்திருங்கள்.

மூட்டுவலியை ஸ்கேன் எடுக்கும் நாளிலேயே சொல்லியாக வேண்டும். எந்த நிலையில் படுத்தால் இருபது நிமிடம் வலியில்லாமல் தாங்குமோ அதுவே உங்களுக்குச் சரியான நிலை. முழங்கால் முட்டின் உயரத்தை மாற்றலாம். சிகிச்சைக்கு அரை மணி முன்பு வலி மாத்திரை போட்டுக்கொள்ள மருத்துவரே சொல்லுவார். முதல் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு நேராகப் படுத்துவிட்டு, பின்னர் தினமும் அதே நிலைக்கு வர முடியாமல் தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்திருந்தால் அதையும் தெரிவியுங்கள். அந்த உலோகத்தின் வழியே கதிர் போகாதபடி திட்டத்தை அமைப்பார்கள்.

கேள்வி: என் தந்தைக்கு ஐந்தே நாளில் சிகிச்சையை முடித்துவிடலாம் என்கிறார்கள். நாள் குறைந்தால் பிழை நேர வாய்ப்பு அதிகமா? — மகன், சென்னை

பதில்: தகுந்த நோயாளிகளுக்கு அது நல்ல சிகிச்சை. குறைந்த, நடுத்தர அளவு தீவிரமுள்ள நோயாளிகளிடம் நடந்த பேஸ்-பி என்ற பன்னாட்டு ஆய்வின் முடிவுகள் 2024-இல் வெளியாயின. ஐந்து தவணையில் 36.25 கிரே பெற்றவர்களில் 95.8 சதவீதத்தினரும், வழக்கமான நீண்ட சிகிச்சை பெற்றவர்களில் 94.6 சதவீதத்தினரும் ஐந்து ஆண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தார்கள். ஆனால் ஒரு தவணைக்கு 7.25 கிரே என்பது பெரிய அளவு. இருபது நாள் சிகிச்சையில் ஒரு நாள் சற்றே தவறினால் மற்ற நாட்கள் அதை ஓரளவு ஈடுகட்டும். ஐந்து நாள் சிகிச்சையில் ஒரு நாள் தவறினால் ஐந்தில் ஒரு பங்கு தவறியதாகிவிடும். படுக்க வைக்கும் துல்லியம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு பக்கவிளைவு குறையும் என்பதற்கும் சான்று இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்து 2023-இல் வெளியான மிராஜ் ஆய்வில், சுரப்பியைச் சுற்றி விடும் பாதுகாப்பு விளிம்பு 4 மில்லிமீட்டராக இருந்தவர்களில் 43.4 சதவீதத்தினருக்கும், எம்.ஆர். படத்தின் துணையால் 2 மில்லிமீட்டராகக் குறைக்கப்பட்டவர்களில் 24.4 சதவீதத்தினருக்கும் குறிப்பிடத்தக்க சிறுநீர்த் தொல்லைகள் வந்தன. உங்கள் தந்தையின் மருத்துவரிடம், ஒவ்வொரு தவணைக்கும் முன் சுரப்பியை எப்படிப் பார்க்கிறீர்கள், கதிர் செல்லும்போது அது அசைந்தால் எப்படித் தெரியும் என்ற இரண்டையும் தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: வயது 74. சிகிச்சைக்கு முன் அரை லிட்டர் தண்ணீர் குடித்து முக்கால் மணி நேரம் அடக்கச் சொல்கிறார்கள். என்னால் முடியவில்லை. போன வாரம் மேசையிலேயே உடை நனைந்துவிட்டது. அந்த அறையில் இளம்பெண்கள் வேலை செய்கிறார்கள். அன்றிலிருந்து யாருக்கும் சொல்லாமல் பாதித் தண்ணீரைத்தான் குடிக்கிறேன். தவறா? — பெயர் வேண்டாம், தென்காசி

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். புராஸ்டேட் நோயும் வயதும் கதிர்வீச்சும் ஒன்று சேரும்போது சிறுநீரை அடக்க முடியாமல் போவது மிகவும் இயல்பு. அந்த அறையில் வேலை செய்யும் எவரும் அதைப் பலமுறை பார்த்தவர்கள். உங்களைக் குறைவாக நினைக்க அவர்களுக்கு எந்தக் காரணமும் இல்லை.

தண்ணீர் குடிக்கச் சொல்வதன் நோக்கம் இதுதான். சிறுநீர்ப்பை நிரம்பினால் அதன் மேற்பகுதி கதிரின் எல்லையிலிருந்து விலகி மேலே போகும். சிறுகுடலும் மேலே தள்ளப்படும். ஸ்கேன் நாளில் இருந்த அளவுக்கு நிரம்பியிருக்கும் என்று எண்ணித்தான் திட்டம் போடப்பட்டிருக்கிறது. நீங்கள் பாதியாகக் குறைத்தால், சிறுநீர்ப்பையின் கூடுதல் பகுதி கதிருக்குள் வருகிறது. அதனால் எரிச்சலும் அவசரமும் கூடி, அடக்குவது இன்னும் கடினமாகிறது. படத்தில் இது அவர்களுக்குத் தெரிந்தே இருக்கும், காரணம்தான் தெரியாது. குடித்தது குறைவா, வரும் வழியில் கழித்துவிட்டாரா, சிறுநீரகம் மெதுவாக வேலை செய்கிறதா என்று அவர்கள் ஊகித்துக்கொண்டிருப்பார்கள்.

எனவே நாளையே சொல்லிவிடுங்கள். பெண்களிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் மருத்துவரிடமோ ஆண் ஊழியரிடமோ தனியே சொல்லலாம்; ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாலும் போதும். இதில் செய்யக்கூடியவை பல இருக்கின்றன. சிறுநீர்ப்பை முட்ட முட்ட நிரம்ப வேண்டும் என்பதில்லை. தினமும் ஒரே அளவாக இருப்பதே முக்கியம். உங்களால் வசதியாகத் தாங்கக்கூடிய அளவில் மீண்டும் ஒரு ஸ்கேன் எடுத்துத் திட்டத்தை மாற்றி அமைக்க முடியும். காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கலாம். உங்கள் முறை வருவதற்கு எவ்வளவு முன்பாகக் குடிக்க வேண்டும் என்பதை ஊழியரே வந்து சொல்லும்படி கேட்கலாம், ஏனெனில் முந்தைய நோயாளிக்குத் தாமதமாகும் நாளில்தான் இப்படி நேர்கிறது. சிறுநீரில் கிருமித் தொற்று இருக்கிறதா என்று சோதிப்பார்கள். அவசரத்தைக் குறைக்கும் மாத்திரைகளும் உண்டு. காலையில் காபியையும் டீயையும் குறைத்துக்கொள்ளுங்கள். முந்தைய நாள் முழுவதும் போதிய தண்ணீர் குடித்திருந்தால், காலையில் குடிக்கும் தண்ணீர் சீராகச் சிறுநீர்ப்பைக்கு வந்து சேரும்.

கதிர் செல்லும்போது தாங்க முடியாவிட்டால் எழுந்திருக்க முயலாமல் கையை உயர்த்துங்கள்; வெளியே கேமராவில் உங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், உடனே நிறுத்திவிட்டு உள்ளே வருவார்கள். நிறுத்திய இடத்திலிருந்து மீண்டும் தொடர முடியும். இடுப்புக்குக் கீழே விரிக்க உறிஞ்சும் விரிப்பு அவர்களிடம் இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பையில் ஒரு மாற்று வேட்டியும் இருக்கட்டும்.